மூணாம் மேசையின் காத்திருப்பு

குதிகாலில் யாரோ ஆணி அடித்து வைத்ததுபோல் வலித்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வருகிற வலிதான். வழக்கமாகப் பல் தேய்த்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோதும் இருந்தது, நீளமான மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் துணி ரோலைத் தள்ளிக்கொண்டு நடந்தபோதும் இருந்தது. மூணாம் மேசைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். உட்கார நாற்காலி கிடையாது. நாற்காலி இருந்தால் ஆட்கள் உட்காருவார்கள் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு.

சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. தைப்பதற்கு முன்னால் துணியை வெட்டுகிற கூடத்தில் நான்கு மேசைகள். ஆட்களின் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும், வாயில் வராது. மேசை நம்பர்தான் பெயர். இரண்டாம் மேசைக்காரனுக்கு மட்டும் 'வானொலி' என்று தனிப்பட்டம், வாய் மூடாததால்.

துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். சுருக்கம் விழக் கூடாது, ஓரம் ஏறக் கூடாது. விரித்து முடித்து மிதியை மிதித்தால் மேலே பாலம்போல் நிற்கும் இயந்திரத்திலிருந்து கத்தி இறங்கி, காலர், கை, பை என்று துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போகும். என்ன வடிவத்தில் வெட்டுவது என்பது மேசை ஓரத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அது மாடியில் இருக்கும் சர்வரிலிருந்து வரும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் சர்வரிடம் கேட்கும். வந்து சேரும் வரை திரையில் ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே தனக்குத் தலைசுற்றல் வந்ததாக வானொலி மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கியிருக்கிறான்.

மூணாம் மேசைக்காரி பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் ரோலில் கை வைப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

அன்றைக்கு இரண்டாவது ரோலை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூடத்தின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டினார். மேனேஜருக்குச் 'சின்ன முள்' என்று பெயர். ஆள் குட்டை, பேச்சு முழுக்க நிமிஷமும் நொடியும். முதலாளி பெரிய முள். பெரிய முள் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினால்தான் சின்ன முள் கொஞ்சம் நகரும் என்பது வானொலியின் ஆராய்ச்சி.

"எல்லாரும் மெஷினை நிறுத்துங்க. புதுசா ஒரு கணக்கு எடுத்திருக்கோம். பச்சைப் பொத்தானை அழுத்துனதுலேருந்து மிதியை மிதிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் போகுதுன்னு. அதாவது ஆளு சும்மா நிக்கிற நேரம்." கையில் இருந்த திரையில் பட்டை பட்டையாக நின்ற கணக்கை எல்லோருக்கும் காட்டினார். "ஒண்ணு, ரெண்டு, நாலு... பரவாயில்ல. மூணு..." சிரித்தார். "மத்த மூணு மேசையையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் மூணோட உயரத்துக்கு வராது. ஏம்மா, அது வெட்டுற மேசையா, கட்டிலா?"

நாலாம் மேசைப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"நான் தூங்கலை சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"நானும் சொல்ல மாட்டேன் சார்."

"வாய் மட்டும் சும்மா நிக்கிறதில்ல." இதற்கும் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. "இங்க பாரு. நாளன்னைக்குக் காலையில பெல் அடிச்சதும் இதே இடத்துல நிக்கிற. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி 'அசட்டையா இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்ற. சொன்னா மேசை உன்னுது. இல்லேன்னா பிசிறு வெட்டப் போ."

பிசிறு வெட்டும் பெஞ்ச் கூடத்தின் பின்னால், கக்கூஸை ஒட்டி இருந்தது. தைத்து வந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குட்டிக் கத்தரிக்கோலால் கத்தரிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலை. சம்பளம் பாதி. மேசையிலிருந்து அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. மூணாம் மேசைக்காரி அங்கிருந்துதான் ஏறி வந்தவள். கட்டைவிரலில் அந்தக் கத்தரிக்கோல் போட்ட காய்ப்பு இன்னும் போகவில்லை.

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.

"நாளன்னைக்குப் பாப்போம்," என்று சின்ன முள் நகர்ந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்து, மடியில் பலகையைப் போட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நாத்தனார் உள்ளே வந்தாள். புருஷனின் தங்கை. இவர்களோடுதான் இருக்கிறாள். அதே தொழிற்சாலையில், மாடியில், கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

"வாடியம்மா கணக்குப்பிள்ளை."

"என்ன அண்ணி, வந்ததும் வராததுமா?"

"உன் கணக்கு இன்னிக்கு என்னை நடுக்கூடத்துல நிக்க வச்சு மானத்தை வாங்குச்சு. என் மேசை கட்டிலாம். கேட்டியா?"

நாத்தனார் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "அந்தக் கணக்கா? எடுத்துக் குடுன்னு கேட்டாங்க, குடுத்தேன். யார் எந்த மேசைன்னு நான் பாக்கலை."

"பாத்திருந்தா?"

"பாத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். நேரம் நேரம்தானே, அண்ணின்னு பாத்துக் குறையுமா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள். "நிஜமாவே கால் முடியாம நின்னுடுறீங்களா? இருந்தா சொல்லுங்க. நான் அவர்கிட்டப் பக்குவமாப் பேசிப் பாக்கிறேன்."

அண்ணியின் கத்தி நின்றது. சின்ன முள் கட்டில் என்றபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. வெங்காயம் கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"இவளும் நம்பிட்டா," என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்து. "எனக்காக நீ யார்கிட்டயும் பக்குவமாப் பேச வேணாம். மேல குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு நம்பரைப் பாத்துட்டு நம்பரைப் பாத்துட்டு... ஒரு தடவை கீழ வந்து ஆளைப் பாத்தியா? நாளைக்கு வா. ஒரு ரோல் முடியிற வரைக்கும் என் பக்கத்துல நில்லு. நான் தூங்கினா நீயே தண்ணி தெளிச்சு எழுப்பு."

வேன் ஓட்டும் அவள் புருஷன் வாசலிலேயே ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

"நீ என்னண்ணா சொல்ற?" என்று தங்கை கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு லாரி நடுவுல சைக்கிள் விடுற வழக்கம் எனக்கில்ல," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை நாத்தனார் கூடத்துக்கு வந்தாள். மேசைக் கோடியில், வழிக்கு இடைஞ்சல் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணி அவளைக் கண்டுகொள்ளவில்லை. புது ரோல் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ரோலைத் தூக்கித் தண்டில் மாட்டினாள். துணியின் ஓரத்தைப் பிடித்து நடந்தாள், தட்டினாள், நீவினாள், திரும்பி நடந்தாள். வலது காலை முழுசாக ஊன்றாமல், விரலால் மிதித்து மிதித்து நடந்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வட்டம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கால்வாசி அடுக்கு விரிப்பதற்குள் அது நின்று வடிவங்கள் வந்துவிட்டன; மீதியையும் விரித்து முடித்து ஓரத்தைச் சரிசெய்தாள். மிதித்தாள். கத்தி இறங்கியது.

"அண்ணி, விரிக்கிறதுக்கு முன்னாடியே ஏன் அழுத்துறீங்க?"

"வேற எப்போ அழுத்தறது? அது வர்றதுக்குள்ள ஊரைச் சுத்திட்டு வந்துடலாம். உலையை வச்சுட்டுத்தானே அரிசி களையிறோம்? களைஞ்சு முடிச்சுட்டா அடுப்பைப் பத்த வைப்பாங்க?"

நாத்தனார் இரண்டாம் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். வானொலி விரித்து முடித்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்தினான். இடுப்பில் கை வைத்து வட்டத்தைப் பார்த்தான். ஒரு பாட்டை முனகினான். இன்னொரு பாட்டையும் முனகினான். நாலாம் மேசையிலும் அதே. அவர்கள் வட்டத்துக்காக நின்ற நேரம் மட்டும் அவர்கள் கணக்கில் ஏறியது. அண்ணி வட்டத்தை வேலை வாங்கிக்கொண்டே துணி விரித்த நேரம் மொத்தமும் சும்மா நின்ற நேரமாக அண்ணி தலையில் ஏறியது.

நாத்தனார் மேசைக் கம்ப்யூட்டரிலேயே குனிந்து, எந்த மேசை எவ்வளவு வெட்டியது என்று பார்த்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அதனால் அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாள்தோறும் மூணுதான் முதலில் இருந்தது.

"முந்திக்கிட்டவளைத் தூங்குமூஞ்சின்னு எழுதி வச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "என் தப்பு அண்ணி."

"இங்க எங்கிட்ட ரகசியமாச் சொல்லாதே. அவரு எங்க நின்னு சொன்னாரோ அங்க நின்னு சொல்லு."

"சொல்றேன்."

"இன்னொண்ணும் பாரு. அந்த எழவெடுத்த வட்டம் ஏன் அத்தனை நேரம் சுத்துது? அதைச் சரி பண்ணு முதல்ல. உன் வேலைதானே அது?"

அது அவள் வேலைதான். ஆனால் சர்வரையும் அது மேசைகளோடு சேரும் விதத்தையும் அமைத்துக் கொடுத்தவர் வெளியிலிருந்து வருகிற கான்ட்ராக்டர். எந்த வெயிலிலும் டை கட்டி வருவார் என்பதால் 'கழுத்துப்பட்டி' என்று பெயர். அவர் செய்து வைத்ததில் கை வைக்க வேண்டாம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும் வைத்ததில்லை.

சர்வரில் இருக்கும் ஃபோல்டரை மேசைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைக்கிற வரி ஒன்று உண்டு. மவுண்ட் என்பார்கள். வரியின் வாலில் காற்புள்ளி போட்டுப் போட்டுச் சில சொற்கள் இருக்கும். எப்படிப் படிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பது அந்தச் சொற்களில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சூடாகியது.

கழுத்துப்பட்டி ஒருகாலத்தில் சூடு கண்டவர். சட்டைத் துண்டுகளின் வடிவத்தை வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் ஒரு காலரைத் திருத்தி அதே பெயரில் சேமித்திருக்க, மேசைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் இருந்த பழைய காலரையே கொடுத்துவிட, ரோல் ரோலாகத் துணி பாழாகிவிட்டது. அந்தப் பயத்தில், 'எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேள்' என்று போட்டுவிட்டார். ஒரு சட்டைக்கு எத்தனை துண்டு, எத்தனை அளவு, அத்தனைக்கும் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தடவையும் 'இது மாறிடுச்சா, மாறிடுச்சா' என்று மாடிக்கு ஓடியது கேள்வி. போதாததற்கு, கோப்பை எடுக்கும்போது ஒரு வாய்க்கு ஒரு பருக்கை என்கிற அளவில் சின்னச் சின்னத் துணுக்காக எடுத்தது. எடுத்து முடித்ததும் 'இன்ன நேரத்தில் இது படிக்கப்பட்டது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு.

ஒரு வெங்காயம் வாங்கக் கடைக்குப் போய், அதை வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த வெங்காயத்துக்கு மறுபடியும் போய், ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடம் 'விலை மாறிடுச்சா' என்று கேட்டு, வந்ததும் 'கடைக்குப் போய் வந்தேன்' என்று சுவரில் எழுதி வைக்கிற ஆளை என்னவென்று சொல்வது? நான்கு மேசையிலும் அந்த ஆள்தான் வேலை செய்துகொண்டிருந்தான். சம்பளமும் மானமும் போனது நிற்கிறவர்களுக்கு.

மேனேஜர் அறைக்குப் போனாள். சொன்னதைப் பாதி கேட்டதும் அவர் கழுத்துப்பட்டியைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"அதுக்கெதுக்கு சிஸ்டர் இவ்வளவு குடைச்சல்?" என்றது போன். "சர்வர்ல ஏசிங்க் போடுங்க. மேசையில சாஃப்ட் போடுங்க. ரெண்டே வார்த்தை. பறக்கும்."

"கேட்டீங்களா? போட்டுடுங்க," என்றார் சின்ன முள்.

"போட மாட்டேன் சார்."

"என்னது?"

"ஏசிங்க்னா, சர்வர் டிஸ்க்ல எழுதறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்னு சொல்லிடும். அதான் வேகம். அந்த நேரம் பாத்துக் கரண்ட் போச்சுன்னா மாஸ்டர் திருத்தின பேட்டர்னும் போச்சு, மேசைங்க வெட்டின கணக்கும் போச்சு. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. எழுதிட்டேன்னு சொன்னதுதான் நிக்கும்."

"சாஃப்ட்?"

"சர்வர் கொஞ்சம் தாமதிச்சா, ரெண்டு மூணு தடவை கேட்டுப் பாத்துட்டுக் கையை விரிச்சுடும். பாதி எழுதினது பாதியிலேயே கிடக்கும். இப்போ இருக்கிறது ஹார்ட். சர்வர் மயங்கி விழுந்தாக்கூட, அது எழுந்து பதில் சொல்ற வரைக்கும் விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கும். அவர் செஞ்சதுல அது ஒண்ணுதான் உருப்படி. அதைத் தொட மாட்டேன்."

போனில் ஒரு இருமல் கேட்டது.

"எனக்கு வேகமா வரணும். அவ்வளவுதான். எப்படி வருதுங்கறது எனக்கு வேண்டாம்."

"வேகமாத்தான் வரும், நான் சொல்ற மாதிரி செஞ்சா. செய்யாததைச் செஞ்சுட்டேன்னு சொல்ற வேகம் எனக்கு வேண்டாம் சார்."

"உனக்கு வேணுமான்னு யாரு கேட்டா?" இவ்வளவு நாள் நீங்க, வாங்க என்றவர் ஒரே தாவில் 'நீ'க்கு இறங்கினார். "நாளைக்குக் காலையில அவரையே வரச் சொல்றேன். போட முடியலேன்னா நீயும் உங்க அண்ணியும் ஜோடியா உக்காந்து பிசிறு வெட்டுங்க."

"வெட்டுறோம். ஆனா போறதுக்கு முன்னாடி எனக்கப்புறம் வர்றவங்களுக்கு எழுதி வச்சுட்டுத்தான் போவேன். அதுல முதல் வரி, 'மேனேஜர் சொன்னாலும் இந்த ரெண்டையும் போடாதீங்க'."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். நேராகப் பேட்டர்ன் மாஸ்டரைப் பார்க்கப் போனாள்.

"மாஸ்டர், இனிமே திருத்தினதை அதே பேர்ல சேமிக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் புதுப் பேர் வைங்க. அப்போதான் மேசைங்க கொஞ்ச நேரம் நினைவுல வச்சுக்கிட்டாலும் பழசு வராது."

"எனக்குப் பொறந்த மூணுக்கே பேர் கிடைக்காமத் திண்டாடினேன். காலருக்குத் தினம் ஒரு பேரா?"

"காலர் ஒண்ணு, காலர் ரெண்டுன்னு வைங்க."

"அந்தப் புத்தி அப்போ வரலை பாரேன்," என்றார் மாஸ்டர். பழைய காலர் வெட்டுப்பட்ட பழி அந்தக் காலத்தில் அவர் தலையில்தான் விழுந்தது. அதை அவர் மறக்கவில்லை. "வைக்கிறேன் போ. யாராவது கேட்டா நானே சொன்னதாச் சொல்லு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூணாம் மேசைக்கு வந்தாள். பழைய இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதுசாக மாட்ட வேண்டும். கழற்றப் பார்த்தாள். வரவில்லை. ஃபோல்டர் பயன்பாட்டில் இருக்கிறது என்று திரை சொன்னது. மறுபடி பார்த்தாள். வரவில்லை.

"அண்ணி, பச்சைப் பொத்தானை அழுத்துனீங்களா?"

அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே வந்தாள். "அழுத்தாம? சாப்பிட்டு வர்றதுக்குள்ள வந்துடுமேன்னு..."

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க கொஞ்ச நேரம்!"

"ஆக, சும்மா நிக்கச் சொல்ற. எழுதிக்கோ, எழுதிக்கோ."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

வட்டம் நின்றதும் கழற்றினாள். ஹார்டை அப்படியே விட்டாள். 'எதையும் நினைவில் வைக்காதே' என்பதை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பருக்கையை எடுத்துவிட்டுக் கைகொள்ளும் அளவுக்கு அள்ளச் சொன்னாள். படித்ததையெல்லாம் குறித்து வைக்கும் வெட்டி வேலையை நிறுத்தினாள். மாட்டினாள்.

"இப்போ அழுத்துங்க."

அழுத்தினாள். வட்டம் அரைச்சுற்றுக்கூடச் சுற்றவில்லை. வடிவங்கள் வந்து நின்றன. அண்ணி நம்பவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"முழுசா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"கை ரெண்டும் இருக்கு. காலர் இருக்கு. பையும் இருக்கு..." விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஆக இத்தனை வருஷமும் இது இப்படியே வந்திருக்கலாம். வேணும்னே வராம இருந்திருக்கு."

வானொலி எட்டிப் பார்த்தான். "அக்கா, எங்க மேசைக்கு?"

"உனக்கு நாளைக்கு. இன்னிக்கு நீ பாடு," என்றாள் அண்ணி.

மறுநாள் காலை பெல் அடித்தது. சின்ன முள் கூடத்தின் நடுவில் நின்றார். பக்கத்தில் கழுத்துப்பட்டி, டையைச் சரிசெய்துகொண்டு. தைக்கிற பகுதியிலிருந்தும் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். இப்படிப்பட்ட செய்திக்குக் கால் முளைக்கும்.

"ம். சொல்லு."

அண்ணி மேசையை விட்டு வந்தாள். அவளுக்கு முன்னால் நாத்தனார் வந்து நின்றாள்.

"தப்பு என்னோடது," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "கணக்கு எடுத்தது நான். பொத்தானை முன்னாடியே அழுத்திட்டுத் துணி விரிக்கிறவங்களுக்கு, விரிக்கிற நேரத்தையும் சேர்த்துச் சும்மா நிக்கிற நேரமா எழுதிட்டேன். வெட்டினதுல மூணாம் மேசைதான் தினமும் முதல்ல. அதை நான் எடுத்துக் காட்டலை. மன்னிச்சுக்கங்க அண்ணி."

"நான் உன்னைக் கேக்கலை."

"கேக்காமயும் சொல்ல வேண்டியது இருக்கு சார்."

"இந்தக் குடும்பக் கதையெல்லாம் வீட்டுல வச்சுக்கங்க. கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டரையே கேப்போம் சார்," என்றாள் அண்ணி. "நானும் ரெண்டாம் மேசையும் சேர்ந்து விரிக்கிறோம். முடிச்சதும் சேர்ந்து அழுத்துறோம். நீங்க நேரம் பாருங்க. உங்களுக்குத்தான் அது பிடிக்குமே."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. இரண்டு மேசையிலும் ரோல் ஓடியது. துணி மேசையில் விழும் சத்தமும் கால்கள் தேயும் சத்தமும்தான். இருவரும் ஓரத்தைச் சரிசெய்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அழுத்தினார்கள்.

மூணாம் மேசையில் கத்தி இறங்கி முதல் காலரை வெட்டத் தொடங்கியது. இரண்டாம் மேசையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வானொலி கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், மேனேஜரைப் பார்த்துச் சொன்னான்:

"நான் தூங்கலை சார்."

கூடம் வெடித்தது. வாசலில் நின்றவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாலாம் மேசையில்தான் சத்தம் அதிகம்.

கழுத்துப்பட்டி குனிந்து மூணாம் மேசைத் திரையில் அந்த வரியைப் படித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "ஏசிங்க் இல்ல. சாஃப்டும் இல்ல," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "நினைவுல வைக்கச் சொல்லியிருக்கீங்க. பழைய பேட்டர்ன் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"வராது. காலருக்கு இப்போ தினம் பேர் வைக்கிறேன்," என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து.

கழுத்துப்பட்டி தலையை ஆட்டினார். "அது சரின்னா இது சரி," என்றார். அந்த அளவுக்கு அவர் யோக்கியர்தான்.

சின்ன முள் கைத்தட்டினார். "சரி சரி. பிரச்சினை தீந்துச்சுல்ல. மத்த மேசைக்கும் இதையே போட்டுடுங்க. மூணு, நீ மேசையிலேயே இரு." தானம் கொடுத்த கையைப்போல அவர் கை ஒரு அசைவு அசைந்தது. "எல்லாரும் வேலையப் பாருங்க."

"சார், ஒண்ணு பாக்கி இருக்கு."

"இன்னும் என்ன?"

"முந்தாநாள் இதே இடத்துல நின்னு என் மேசையைக் கட்டில்னு சொன்னீங்க. அப்போ சிரிச்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. என்னைச் சொல்லச் சொன்னதை இப்போ நீங்க சொல்லணும். வார்த்தைகூட மாத்த வேணாம். 'அசட்டையா இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்க.'"

சிரிப்பு நின்றது. இரண்டாம் மேசையில் ஒருவழியாக வடிவங்கள் வந்து சேர்ந்தன. வானொலி மிதியில் கால் வைக்கவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு."

"நடந்தது என்மேல நடந்துச்சு சார்."

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஆமா."

சின்ன முள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி வருகிற நேரம் என்றார். நடந்து வெளியே போனார், வழக்கத்தைவிட வேகமாக.

இரண்டே நாளில் நான்கு மேசைக்கும் புது வரி ஏறியது. நாத்தனார் தன் கணக்கைத் திருத்தி, துணி விரித்து முடித்த பிறகே நேரம் ஓடும்படி வைத்தாள். அண்ணியின் குதிகால் வலி குறையவில்லை. நாற்காலியும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் பெல் அடித்ததும், ரோலைத் தொடுவதற்கு முன்னால், அவள் கூடத்தின் நடுவுக்கு வருவாள்.

"சார், அந்தப் பாக்கி."

முதல் சில நாள் அவர் கேட்காததுபோல் போனார். அப்புறம் முறைத்தார். அப்புறம் கூடத்து வழியை விட்டுவிட்டுப் பின்படிக்கட்டு வழியாக மாடி ஏறினார். அவள் பின்படிக்கட்டில் போய் நின்றாள். ஒருநாள் வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்றார். "நிறுத்துங்க. நிறுத்துறதும் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நடுக்கூடத்துல நின்னே நிறுத்துங்க," என்றாள். அவர் நிறுத்தவில்லை.

"ஏம்மா, மேசைதான் கிடைச்சுடுச்சே. விட்டுடேன்," என்றான் புருஷன் ஒரு சாயங்காலம்.

வெந்நீர் வாளியில் கால் வைத்திருந்தவள் நாத்தனாரைப் பார்த்தாள். "உங்கண்ணன் என்னை சாஃப்ட்ல போடப் பாக்கிறாருடி."

"போட முடியாதுண்ணா," என்றாள் நாத்தனார், வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றியபடி. "கம்பெனியே ஹார்ட்ல ஓடுது."

சின்ன முள் மூணாம் மேசைக்காரிக்கு ஒரு மன்னிப்பைத் தர வேண்டும். கூடத்தின் நடுவில் நின்று, அன்றைக்குச் சிரித்தவர்கள் காதில் விழும்படி தர வேண்டும். இன்னும் தரவில்லை.